பேய்க்கு ஓர் அளவுகோல்

நெடுமங்காடு தாண்டி விதுரை வழியாக மலையேறினால் போனக்காடு. தேயிலைத் தோட்டமும் தொழிலாளர் லயங்களும் உள்ள ஊர். அகத்தியர்மலைக்குப் போகிறவர்கள் நடக்கத் தொடங்குமிடம். யூடியூப் புண்ணியத்தில் இப்போது அங்கே பிரபலமாக இருப்பது ஒரு பாழடைந்த பங்களாவும் அதன் பேய்க்கதையும்தான். அதே பாதையில், விதுரையில் இருக்கிறது ‘ஐசர்’ என்ற மத்திய அறிவியல் கல்வி நிறுவனம். ஐன்ஸ்டைன் 1947இல் மாக்ஸ் பார்னுக்கு எழுதிய கடிதத்தில் பேய்த்தனம் என்று கேலி செய்த விஷயம், அதாவது தொலைவில் உள்ள துகள்களும் ஒன்றோடொன்று பிணைந்து கிடக்கும் குவாண்டம் பின்னல், அங்கே ஆராய்ச்சிப் பொருள்.

தொலைவில் உள்ள அணுக்களை ஒளி எப்படிப் பின்னும்? 2001இல் டென்மார்க்கின் ஆர்ஹஸில் யூஜின் போல்சிக் குழு செய்து காட்டியது. இரண்டு கண்ணாடிக் குப்பிகளில் சீசியம் ஆவி. ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி அணுக்கள். கடுங்குளிர் எதுவும் வேண்டியிருக்கவில்லை. அறை வெப்பமே போதுமானதாக இருந்தது. அணுக்களின் தற்சுழற்சியை ஒரு குப்பியில் ஒரு பக்கமாகவும் மற்றதில் எதிர்ப்பக்கமாகவும் நிறுத்தி, ஒரே லேசர் துடிப்பை இரண்டின் வழியாகவும் செலுத்தினார்கள். கடக்கும்போது ஒளியலை அதிரும் தளம் மிகச் சற்றே திரும்பும். எவ்வளவு என்பது சுழற்சியின் நுண்ணிய தடுமாற்றத்தைப் பொறுத்தது. வெளியே வரும் ஒளியை அளந்தால் இரண்டு தடுமாற்றங்களின் கூட்டுத்தொகை கிடைக்கும். எந்தக் குப்பியின் பங்கு எவ்வளவு என்ற தகவல் ஒளியில் பதிவாகவே இல்லை. சூட்சுமமே அதுதான். தனிக்கணக்கு நிச்சயமற்றுக் கிடக்க, கூட்டுக்கணக்கு மட்டும் உறுதிப்படுகிறது. பின்னல் நீடித்தது சுமார் அரை மில்லிவிநாடி. இன்னொரு துடிப்பை அனுப்பிச் சரிபார்க்க அது தாராளம்.

ஆனால் இது வெறும் தற்செயல் ஒற்றுமை இல்லையென்று எப்படிச் சொல்வது? இங்கேதான் சென்னை தரமணி வருகிறது. கணித அறிவியல் நிறுவனத்தின் ஆர். சைமன் 2000இல் ஒரு சோதனையை வகுத்தார். இரட்டையில் ஒரு பாதியை மட்டும் கண்ணாடிப் பிம்பம்போலக் கணக்கில் புரட்டிப் போடுங்கள். கிடைப்பது இயற்கை அனுமதிக்காத நிலை என்றால் பின்னல் உண்டு. அவருடைய தாள் வெளியான அதே இதழில் டுவான், சிராக், ஸோலர் முதலானோரும் வேறு வழியில் இதே முடிவுக்கு வந்திருந்தார்கள். ஆகவே அதற்கு டுவான்–சைமன் அளவுகோல் என்று பெயர்.

சைமனோடு சேர்ந்து ஆய்வு செய்தவர் கோட்டயத்துக்காரரான இ.சி.ஜி. சுதர்ஷன், 1980களில் தரமணி நிறுவனத்தின் இயக்குநர். அவரிடம் ஆய்வுப் பட்டம் பெற்ற அனில் ஷாஜி இன்று விதுரை ஐசரில் பேராசிரியர். ஒளி பற்றிய சுதர்ஷனின் வேலைக்கு 2005இல் நோபல் கிடைக்கவில்லை என்ற ஆதங்கத்தை நாம் அடிக்கடி பேசுகிறோம். அதில் பாதி நேரத்தைச் சைமனின் அந்த நான்கு பக்கத் தாளுக்குக் கொடுத்தாலே கல்லூரி மாணவர்களுக்கு உருப்படியாக ஏதாவது கிடைக்கும்.