அலை ஏறினால் ஒதுங்க இடமில்லை: மும்பைப் பூநாரைகளின் தவிப்பு

மும்பை: செம்பூரில் ஹார்பர் மார்க்க மின்சார ரயிலில் ஏறினால் அரை மணி நேரத்துக்குள் சிவ்ரி வந்துவிடும். அங்குள்ள படகுத்துறையில் நின்றால் ஒருபுறம் மாஹுல் பகுதியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள். மறுபுறம் 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது கடற்பாலம். இரண்டுக்கும் இடைப்பட்ட சேற்றில்தான், ஆண்டுதோறும் நவம்பர் முதல் மே வரை, பூநாரைகள் இறங்கி இரை தேடுகின்றன. கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் இவற்றைக் கண்ட மாட்டுங்கா, தாராவித் தமிழர்களுக்கு இது பழகிய காட்சி. ஆனால், இத்தனை பெரிய நகரின் மடியில் காண்பது வேறு அனுபவம்.

குஜராத்தின் கட்ச் பகுதியில் இருந்தும் பிற இடங்களில் இருந்தும் வரும் இப்பறவைகளின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் ஒரு லட்சத்தைத் தாண்டியுள்ளது. பெரும்பாலானவை சிறிய பூநாரைகள். கழியில் விளையும் பாசியே இவற்றின் உணவு. இளஞ்சிவப்பு நிறத்தை அளிப்பதும் அதுவே. ஐரோலியில் இருந்து வனத்துறை இயக்கும் படகில் சென்றால் அருகில் இருந்தே பார்க்கலாம்.

தாணே கடற்கழியின் ஒரு பகுதி 2015ல் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022ல் ராம்சர் தலம் என்ற சர்வதேசத் தகுதியும் கிடைத்தது. சிக்கல் அதன் பிறகுதான் தொடங்குகிறது. நீர் வற்றும்போது சேற்றில் மேயும் பறவைகள், அலை ஏறியதும் அங்கே நிற்க முடியாது. கழியைக் கடந்து நவி மும்பையின் நெருல் பகுதியில் உள்ள ஆழமற்ற நீர்நிலைகளுக்குச் சென்று ஒதுங்குகின்றன. அந்நீர்நிலைகளோ சரணாலய எல்லைக்கு வெளியே உள்ளன. உண்ணும் இடத்துக்குப் பாதுகாப்பு அளித்த சட்டம், இளைப்பாறும் இடத்தை விட்டுவிட்டது.

நாடாளுமன்றத்தில் சதுப்பு நிலங்கள் குறித்த கேள்விகளுக்கு ராம்சர் தலங்களின் பட்டியலை இணைத்துப் பதில் அளிப்பது அமைச்சகத்தின் வழக்கம். பட்டியலில் தாணே கழி உண்டு. நெருல் குளங்களைத் தேடினால் கிடைக்காது.

நெருல் சதுப்பு நிலம் ஒன்றில் கோல்ப் மைதானமும் குடியிருப்பும் அமைக்கும் திட்டத்தை 2018ல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வழக்கு மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. அருகில் உள்ள மற்றொரு குளத்தில் அலைநீர் வந்துபோகும் வழி அடைபட்டு, 2024ல் பறவைகள் மடிந்தன. அதே ஆண்டு மே 20ம் தேதி இரவு, துபாயில் இருந்து வந்த விமானம் காட்கோபர் மீது தாழப் பறந்தபோது பூநாரைக் கூட்டத்தில் மோதியது. 39 பறவைகள் இறந்தன. விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.

ஒதுங்கும் நீர்நிலைகள் அழிந்தால், பறவைகள் வேறு இடம் தேடி அலையும். அவ்வாறு அலையும் கூட்டம் விமானங்களின் பாதையில் குறுக்கிடலாம் என்பது பறவை ஆர்வலர்களின் அச்சம். நெருலுக்கு அருகிலேயே, 2025 அக்டோபரில், நவி மும்பையின் புதிய விமான நிலையமும் திறக்கப்பட்டுள்ளது.

பறவைகள் மடிந்த அந்தக் குளத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்க மாநில வனவிலங்கு வாரியம் 2025ல் ஒப்புதல் அளித்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 30 ஏக்கர்.