முக்காலியும் முதுகும்

திருப்பூர்ப் பக்கம் ‘ஒன்றரை ஷிப்ட்’ என்றால் 12 மணி நேரம் என்பது குழந்தைக்கும் தெரியும். காலை 8.30 மணிக்குப் பவர் டேபிளின் முன் அமர்ந்த சகோதரி, இரவு எழும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டே எழுகிறாள். “வயதாகிவிட்டது” என்கிறாள், வயதோ முப்பதைத் தாண்டியிராது. குற்றம் வயதின்மீதா, அவள் அமர்ந்திருந்த முக்காலியின்மீதா? இக்கேள்வியைக் கணிப்பொறியிடம் கேட்கும் வழி இன்று உண்டு.

எலும்புகளைக் கோல்களாகவும், மூட்டுகளைக் கீல்களாகவும், தசைகளை இழுக்கும் கயிறுகளாகவும் கொண்டு கணிப்பொறிக்குள் ஒரு மனித உடலை அமைக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2007-இல் வெளியிட்ட ‘ஓபன்சிம்’ இத்தகையது, விலையின்றிக் கிடைப்பது. நடப்பவரைக் கணக்கிடுவது அத்துணை கடினமன்று. பாதம் மட்டுமே தரையைத் தொடுகிறது. அவ்விசையைத் தரையில் பதித்த தகட்டினால் அளந்துவிடலாம். அமர்ந்து தைப்பவரின் நிலை வேறு. அவருடைய பாரத்தை முக்காலி, தரை, மிதி, மேசை ஆகிய நான்கும் பங்கிட்டுக்கொள்கின்றன. எது எவ்வளவு தாங்குகிறது?

இதற்காகத் தொடைக்கு அடியிலும், இடுப்பெலும்பின் அடியிலும், முழங்கையிலும், பாதத்திலும் சுருள்வில்கள் இருப்பதாகப் பாவிக்கிறார்கள். உடல் எத்தனை மில்லிமீட்டர் அழுந்துகிறதோ, அதற்கேற்ப வில் எதிர்த்துத் தள்ளும். தொடாதபோது விசையில்லை, தள்ளுமேயன்றி ஒருபோதும் இழுக்காது. வளைந்த பொருள்கள் ஒன்றையொன்று அழுத்தும் முறையை ஜெர்மானிய அறிஞர் ஹெர்ட்ஸ் 1882-இலேயே எழுதிவைத்தார். 1975-இல் ஹன்ட், கிராஸ்லி என்னும் இருவர் அதனோடு அதிர்வைத் தணிக்கும் விசையையும் இணைத்தனர். அஃதில்லாவிடில் கணிப்பொறி மனிதர் முக்காலியின்மேல் பந்துபோலத் துள்ளிக்கொண்டேயிருப்பார்! உராய்வும் வேண்டும். வழுவழுப்பான பிளாஸ்டிக் முக்காலியில் முன்சாய்ந்து அமர்பவர் வழுக்காதிருக்கக் கால் தசைகள் ஓயாமல் ஊன்றியாக வேண்டும். வலக்காலோ மிதிக்கு அடிமை.

முதுகின் கணக்குதான் நெஞ்சைத் தொடுவது. முதுகுத்தசை முதுகெலும்பின் மையத்திலிருந்து 5, 6 சென்டிமீட்டர் தள்ளியே இழுக்கிறது. ஊசிமுனையை நோக்கிக் குனிந்த தலையும் மார்பும் அதைப்போலச் சில மடங்கு தொலைவில் தொங்குகின்றன. துலாக்கோல் அறிந்தவர்க்கு விளக்கம் வேண்டாம்: தசை அவற்றின் பாரத்தைவிடச் சில மடங்கு இழுத்தாக வேண்டும், அத்தனையும் முதுகெலும்பின் வட்டுகளை நெரிக்கிறது. முழங்கை மேசையில் சற்றே ஊன்றினாலும் அச்சுமை குறையும். முக்காலி தாழ்வாயிருந்தால் தோளை உயர்த்தாமல் ஊன்ற இயலாது.

கணிப்பொறி சொல்வதெல்லாம் வேதவாக்கன்று. வில்லின் கடினத்தை மனிதரே தேர்கிறார். தவறாகத் தேர்ந்தால் விடையும் தவறும். பரவலாக வழங்கும் மாதிரிகள் பெரும்பாலும் மேலைநாட்டார் உடலளவுகளில் அமைந்தவை. நம் சகோதரியின் உயரமும் எடையும் அவற்றுள் புகுத்தப்படவேண்டும்.

கடைகளில் நின்று பணிபுரிவோர்க்கு இருக்கை தரவேண்டுமென்று 2021-இல் தமிழக அரசு சட்டம் செய்தது. தையற்காரிக்கு இருக்கை முன்பே உண்டு. அது எத்தகையது என்பதே வழக்கு. அவளோ கணக்கறியாமலே கழிவுத் துணியை நாலாக மடித்து முக்காலியில் இட்டு அமர்கிறாள். அதனால் உயரம் கூடுகிறது, வழுக்கல் குறைகிறது, அழுத்தம் பரவுகிறது. அறிஞர் மாதிரிக்குள் மாற்றிப் பார்க்கும் எண்களும் இவையே.