கண்டி நகரும் சமயப் பாதுகாப்பும்

ஒருவன் தான் கொண்ட சமயம் காரணமாகவே வீட்டையும் தொழிலையும் உயிரையும் இழக்க நேரிடின், அதனைச் சமயத் துன்புறுத்தல் என்பர். இது பழங்காலத்துக் கொடுமையென்றும், கல்வியும் சட்டமும் பெருகிய இக்காலத்தில் மறைந்துவிட்டதென்றும் எண்ணுவோர் உளர். அவ்வெண்ணம் பொருந்துமா என ஆராய்வதற்குத் தொலைநாடுகளை நாடவேண்டுவதில்லை. கண்டியின் வரலாறே போதிய சான்று தரும்.

ஒல்லாந்தர் 1656இல் கொழும்பையும் 1658இல் யாழ்ப்பாணத்தையும் கைப்பற்றித் தம் ஆட்சிப்பகுதியிற் கத்தோலிக்க சமயத்தைத் தடைசெய்தனர். குருமாருக்குப் புகலிடம் அளித்தலும் பெருங்குற்றமாயிற்று. அக்காலத்திற் கோவாவினின்று வந்த யோசவ்வாஸ் அடிகளார் 1692இல் கண்டியை அடைந்தார். ஒற்றரென ஐயுற்று முதலிற் சிறைவைக்கப்பட்டாராயினும், பின்னர்ப் பௌத்த மன்னனாகிய இரண்டாம் விமலதர்மசூரியனின் ஆதரவைப் பெற்றார். அம்மைநோய் பரவியபோது நோயாளருக்குத் தொண்டாற்றினார். 1711இல் கண்டியிலேயே மறைந்தார். கிறித்தவ அரசு துரத்திய கிறித்தவர்க்குப் பௌத்த அரசு அடைக்கலம் ஈந்தமை போற்றத்தக்கது. ஆயினும் அவ்வடைக்கலம் மன்னன் மனத்தையே சார்ந்திருந்தது. 1739இல் அரியணையேறிய ஸ்ரீ விஜய ராஜசிங்கன் காலத்தில் தேவாலயங்கள் இடிக்கப்பட்டன, குருமார் வெளியேற்றப்பட்டனர். அருளால் வந்த உரிமை அருள் நீங்கவே நீங்கிற்று.

இக்குறையைத் தீர்ப்பதற்கே சட்டம் வேண்டப்படுகின்றது. 1815ஆம் ஆண்டுக் கண்டி உடன்படிக்கையின் ஐந்தாம் பிரிவு, பிரித்தானியர் ஆட்சியிற் பௌத்த சமயத்துக்குக் காப்பளிப்பதாக உறுதிகூறிற்று. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு பௌத்தத்துக்கு முதன்மையிடம் வழங்கி, சிந்தனை, மனச்சாட்சி, சமயம் ஆகியவற்றின் சுதந்திரத்தைப் பத்தாம் உறுப்புரையில் எல்லோர்க்கும் உரித்தாக்கிற்று.

சட்டம் இருந்தும் கொடுமை ஒழிந்ததா? 1915 மே மாத இறுதியில், கண்டி காசில் வீதிப் பள்ளிவாசலருகே வெசாக் ஊர்வலமொன்றின்போது மூண்ட பூசல், சில நாட்களிற் பல மாகாணங்களுக்கும் பரவிற்று. முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் பாழாயின. 1983 யூலையில், கண்டிக்கு வடக்கேயுள்ள மாத்தளை முத்துமாரியம்மன் கோயில் தீக்கிரையாயிற்று. 2018 மார்ச்சில், தெல்தெனியவில் தாக்குண்ட சிங்கள வாகனச் சாரதி ஒருவர் இறந்தார். குற்றஞ்சாட்டப்பட்டோர் முன்னரே கைதாகியிருந்தும், திகன, அக்குறணை முதலிய இடங்களில் அக்குற்றத்தோடு எத்தொடர்புமற்ற முஸ்லிம்களின் இல்லங்களும் கடைகளும் எரிக்கப்பட்டன. எரிந்த வீடொன்றில் முஸ்லிம் இளைஞர் ஒருவர் மாண்டார். மார்ச் 6இல் அவசரகாலநிலை பிறப்பிக்கப்பட்டது.

இந்நிகழ்ச்சிகளை ஒப்புநோக்கின் மூன்று படிகள் புலப்படும். சிலர் செய்த குற்றம் ஒரு சமூகத்தின் குற்றமாகக் கருதப்படுதல் முதலாவது. அக்கருத்தை வதந்தி பரப்புதல் இரண்டாவது. காவலர் உரிய வேளையிற் காவாதொழிதல் மூன்றாவது. 1915இல் வாய்மொழியாகச் சென்ற வதந்தி 2018இல் முகநூல் வழியாக விரைந்தது. தன் தளம் அவ்வன்முறைக்குத் துணைபோனமைக்கு முகநூல் நிறுவனமே 2020இல் வருத்தந் தெரிவித்தது.

முதலிரு படிகளைச் சட்டம் மட்டுந் தடுத்தல் அரிது. அங்கே பெரும்பான்மையோரின் நற்குரலே வலிய அரண். 2018இல் பௌத்த பிக்குகள் சிலர் கொழும்பிற் கூடி அவ்வன்முறையைக் கண்டித்தமை அதற்குச் சான்று. மூன்றாம் படியோ முற்றிலும் அரசின் பொறுப்பு; காலந்தாழ்த்திய காவல் காவலாகாது.

மாத்தளையில் நம் கோயில் எரிந்ததை நாம் மறத்தற்கில்லை. அந்நினைவு பகைமையை வளர்க்குமாயின் பயனற்றது. அயலானின் பள்ளிவாசலையும் தேவாலயத்தையும் விகாரையையும் நம் கோயிலெனவே கருதிக் காக்கத் தூண்டுமாயின் அறமாகும். நாம் பெரும்பான்மையோராய் வாழும் ஊர்களில் நம்மிடையே வாழும் சிறுபான்மையோரை எவ்வாறு நடத்துகின்றோம் என்பதே அவ்வறத்தின் உரைகல். மாணவர்க்குச் சமயங் கற்பிக்கும் ஆசிரியர் இவ்வுரைகல்லையும் அவர்தம் கையிற் கொடுத்தல் வேண்டும்.