வாலில்லாத வால்மீன்: அதை எப்படி அடையாளம் கண்டார்கள்?

சூரியனை உரசுவதுபோல் கடக்கும் 322பி வால்மீனுக்கு வால் தெரிவதில்லை. சூரிய வட்டைத் தகட்டால் மறைத்துச் சுற்றுப்புறத்தைப் படமெடுக்கும் சோஹோ விண்கலத்தின் கேமராவில் அது வெறும் புள்ளி. 1999-லும் 2003-லும் வந்த புள்ளிகள் ஒன்றேதான் என்று எப்படிச் சொல்வது? சோஹோ கண்ட வால்மீன்கள் ஆயிரக்கணக்கானவை. இரண்டின் பாதை ஒத்திருந்தது தற்செயலாகவும் இருக்கலாமே என்று கேட்பது நியாயம்தான். ஆனால் தற்செயலுக்கு முன்கூட்டியே நாள் குறிக்க முடியாது. சுற்றுக்காலம் ஏறத்தாழ 4 ஆண்டு என்று கணித்த வானியலாளர் செபாஸ்டியன் ஹோனிக், 2007 செப்டம்பரில் அது திரும்பும் என்றார்; சொன்னபடி வந்தது.

பாதை இப்படி உறுதியானாலும், அந்தப் பொருள் என்னவென்று சொல்வது ஒளிதான். வால் இல்லையென்றால் சிறுகோள்தானே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். சூரியனிலிருந்து பூமி இருக்கும் தொலைவில் இருபதில் ஒரு பங்குக்கு அது நெருங்குகிறது. அங்கே வெயில் 400 மடங்கு. சில நூறு மீட்டர் அகலமுள்ள வெறும் பாறை, அவ்வளவு வெயிலைப் பிரதிபலித்தாலும் சோஹோவின் கண்ணுக்கு எட்டாது. ஆகவே தூசியோ வாயுவோ வெளியேறித்தான் ஒளி கூடியிருக்க வேண்டும். அதற்காக உள்ளே பனி இருக்கிறது என்று முடிவுகட்டவும் முடியாது. ஃபேத்தான் என்ற சிறுகோள் சூரியனருகே சோடியம் ஆவியால் ஒளிர்வதை 2023-இல் வெளியான ஆய்வு காட்டியது. எப்போது வரும் என்பதைப் பாதை சொல்லிவிடுகிறது. எதனால் ஆனது என்பதற்கு ஒளி துப்பு மட்டுமே தருகிறது.