ஒருவருக்கு ஒரு பட்டை

மருத்துவமனையில் படுத்திருக்கும் நோயாளியின் மேற்கையில் வெள்ளையாகவோ இளநீலமாகவோ ஒரு மெல்லிய பட்டை சுற்றியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். குறித்த நேரத்துக்கு ஒருமுறை மானிட்டரில் மோட்டார் ஓடும். பட்டை இறுகும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும், திரையில் எண்கள் வரும். அந்த எண்களைப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுகிறார்கள், குறைக்கிறார்கள். அறுவை அரங்கில் மயக்க மருத்துவர் அவற்றையே நம்பி அடுத்த முடிவை எடுக்கிறார்.

மருந்தின் பெயரைக் கேட்கிறோம், ஸ்கேன் அறிக்கையை வாங்கிப் பார்க்கிறோம். ரத்த அழுத்தத்தை (பி.பி.) அளக்கும் இந்தப் பட்டையைப் பற்றி மட்டும் யாரும் கேட்பதில்லை. அளவு பொருந்தாத பட்டை, நோயில்லாதவருக்கு மாத்திரை எழுத வைத்துவிடும். நோயுள்ளவருக்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிடும். பலருக்கு மாறி மாறிக் கட்டும் பட்டையோ ஒருவர் தோலிலிருந்து இன்னொருவருக்குக் கிருமியைக் கொண்டுபோகும்.

சைக்கிள் டியூபிலிருந்து

ரத்த அழுத்தத்தை அளந்து முதலில் நூலாக எழுதியவர் இங்கிலாந்தின் பாதிரியார் ஸ்டீபன் ஹேல்ஸ். குதிரையின் தமனியில் குழாய் செருகி, அதோடு இணைத்த கண்ணாடிக் குழாயில் ரத்தம் 8 அடிக்கு மேல் ஏறியதை அவர் கண்டார். அந்த நூல் 1733இல் வெளிவந்தது. மனிதருக்கு அந்த வழி உதவாது. தோலைக் கீறாமல் அளக்க 1896இல் இத்தாலிய மருத்துவர் ஷிப்பியோனே ரீவா-ரோச்சி ஒரு கருவி செய்தார். சைக்கிள் டியூபை மேற்கையில் சுற்றிக் காற்றடித்தார்; பாதரசம் ஏறிய உயரத்தைப் பார்த்தார். மணிக்கட்டில் நாடித்துடிப்பு மறையும் இடம்தான் மேல் அழுத்தம், அதாவது பி.பி. எண்களில் முதலாவது. 1905இல் ரஷ்ய மருத்துவர் நிக்கோலாய் கொரட்கோவ், பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டால் கீழ் அழுத்தத்தையும் கண்டுகொள்ளலாம் என்று காட்டினார். ஒலி தொடங்கும் இடம் மேல் அழுத்தம், மறையும் இடம் கீழ் அழுத்தம். இன்றும் மருத்துவர்கள் காதில் ஸ்டெத் வைத்துக் கேட்பது இந்த ஒலியைத்தான்.

ரீவா-ரோச்சியின் பட்டையில் ஒரு குறை இருந்தது: அகலம் போதவில்லை. தலையணையை மெல்லிய கயிற்றால் இறுக்கினால் மேலே பள்ளம் விழும், நடுவில் இருக்கும் பஞ்சு அவ்வளவாக அமுங்காது. குறுகிய பட்டையும் அப்படித்தான். அதன் அழுத்தம் ஆழத்தில் ஓடும் தமனியை முழுதாகப் போய்ச் சேராது. தமனியை மூட இன்னும் அதிகக் காற்று வேண்டியிருக்கும். அந்த அதிகம், பி.பி. கூடுதலாக இருப்பதுபோலக் கணக்கில் ஏறிவிடும். 1901இல் ஜெர்மானிய மருத்துவர் ஹைன்ரிஷ் ஃபான் ரெக்லிங்ஹவுசன் இதைக் கண்டுபிடித்துப் பட்டையை அகலமாக்கினார்.

பைக்குள் பை இல்லை

கிளினிக்கில் நாம் பார்க்கும் பழைய வகைப் பட்டையில் இரண்டு பாகங்கள் உண்டு. வெளியே துணியுறை, உள்ளே ரப்பர் பை. காற்று அந்தப் பைக்குள் போகும். தொடக்கத்தில் சொன்ன மெல்லிய பட்டை, ஒரு நோயாளிக்கு மட்டும் பயன்படும் டிஸ்போசபிள் வகை. அதில் பெரும்பாலும் தனிப் பை கிடையாது. காற்று கசியாத பூச்சுள்ள இரண்டு மெல்லிய தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரங்களை உருக்கி ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டாமல் விட்ட நடுப்பகுதியே காற்றறை. அதில் ஒன்றோ இரண்டோ குழாய்கள், முனையில் மானிட்டரோடு பொருந்தும் இணைப்பு, பட்டையின் ஓரத்தில் வெல்க்ரோ. பட்டையில் இருப்பது இவ்வளவுதான். பம்பும் வால்வும் அழுத்தத்தை உணரும் சிப்பும் மானிட்டருக்குள் இருக்கின்றன.

காற்று உள்ளே வந்ததும் அறை உப்பப் பார்க்கும். கையைச் சுற்றி வெல்க்ரோ பிடித்திருப்பதால் வெளிப்பக்கம் அதிகம் விரிய முடியாது. உப்பல் முழுவதும் உள்நோக்கித் திரும்பி, சதையை அழுத்தி, அதன் வழியே தமனியை நெரிக்கிறது. பட்டையைத் தளர்வாகக் கட்டினால் காற்று வெளிப்பக்கமாக உப்பிவிடும். எண் தவறாக வரும். சட்டைக் கையின் மேலே கட்டுவதும் கூடாது.

துடிப்பின் அதிர்வு

மானிட்டர் ஒலியைக் கேட்பதில்லை. பம்ப் முதலில் மேல் அழுத்தத்தைத் தாண்டிக் காற்றை ஏற்றுகிறது. தமனி மூடிக்கொள்கிறது. பிறகு வால்வு காற்றைச் சிறிது சிறிதாக விடுகிறது. தமனி திறக்கத் தொடங்கியதும் ஒவ்வொரு இதயத் துடிப்பும் பட்டைக்குள் இருக்கும் காற்றில் ஒரு சின்ன அதிர்வை உண்டாக்குகிறது. அந்த அதிர்வு குழாய் வழியே மானிட்டரின் சிப்பை அடைகிறது. காற்று குறையக் குறைய அதிர்வு பெரிதாகி, ஓர் உச்சத்தைத் தொட்டு, மறுபடி சிறுக்கிறது.

உச்சம் வரும் இடம் சராசரி அழுத்தம். 120/80 உள்ளவருக்கு இது சுமார் 93. மானிட்டர் நேரடியாகக் காண்பது இந்தச் சராசரியைத்தான். மேல், கீழ் எண்களை அதிர்வு வளர்ந்து தேய்ந்த விதத்திலிருந்து கணக்குப் போட்டுச் சொல்கிறது. கணக்கு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். எல்லாமே அந்தச் சின்ன அதிர்வை நம்பியிருப்பதால்தான் அளக்கும்போது கையை அசைக்காதீர்கள், பேசாதீர்கள் என்கிறார்கள். நடுக்கம் இருந்தாலோ இதயம் சீரில்லாமல் துடித்தாலோ கருவி தடுமாறும். மறுபடி மறுபடி காற்றடிக்கும்.

எவ்வளவு இறுக்கலாம் என்பதற்கும் வரம்பு உண்டு. பெரியவர்களுக்குப் பட்டையின் அழுத்தம் 300 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டக்கூடாது. பச்சிளம் குழந்தைகளுக்கு 150ஐத் தாண்டக்கூடாது. இது சர்வதேசப் பாதுகாப்புத் தரம். குழந்தைக்கான பட்டையை மாட்டும்போது மானிட்டரையும் குழந்தைகளுக்கான முறைக்கு மாற்றியாக வேண்டும்.

அளவே உயிர்

பட்டையின் காற்றறை, கைச்சுற்றளவில் குறைந்தது 40 சதவீத அகலமும் 80 சதவீத நீளமும் இருக்க வேண்டும். மேற்கையின் நடுவில் சுற்றளவு 30 செ.மீ. என்றால் 12 செ.மீ. அகலம், 24 செ.மீ. நீளம். இந்தக் கணக்கை மனத்தில் போட வேண்டியதில்லை. பட்டையிலேயே ஒரு கோடும், எந்த எல்லைக்குள் அது விழ வேண்டும் என்ற குறியும் அச்சிட்டிருக்கிறது. எல்லையைத் தாண்டினால் அந்தப் பட்டை அந்தக் கைக்கு உரியதன்று. தமனிக்கு நேராக வைக்க ஓர் அம்புக்குறியும் உண்டு.

அளவு தவறினால் எவ்வளவு பிசகும்? அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில், மிகப் பெரிய பட்டை தேவைப்பட்டவர்களுக்குச் சாதாரணப் பட்டையைக் கட்டியபோது மேல் அழுத்தம் சராசரியாக 19.5 கூடுதலாகக் காட்டியது. 125 உள்ளவர் ஏறக்குறைய 144 என்று பதிவாவார். வாழ்நாள் மாத்திரை தொடங்கிவிடக்கூடும். சிறிய பட்டை தேவைப்பட்டவர்களுக்கோ அதே சாதாரணப் பட்டை 3.6 குறைத்துக் காட்டியது. ஒல்லியான கையுள்ள முதியவரின் உயர் ரத்த அழுத்தம் இப்படித் தப்பிவிடக்கூடும்.

ஏன் தனிப் பட்டை

பி.பி. பட்டை தோலை மட்டுமே தொடுகிறது என்பதால் அதை ஆபத்து குறைந்த பொருளாகத்தான் மருத்துவ உலகம் வகைப்படுத்துகிறது. ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் கிருமிநாசினியால் துடைத்தால் போதும். ஆனால் வேலை நெருக்கும் வார்டில் அந்தத் துடைப்பு தவறிப்போகிறது. துணியின் மடிப்பிலும் வெல்க்ரோவின் இழையிலும் வியர்வையும் அழுக்கும் தங்குகின்றன. பல மருந்துகளுக்கும் அடங்காத ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியும், கடும் வயிற்றுப்போக்கைத் தரும் கிருமியும் பட்டைகளில் இருந்ததை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தீக்காயம் பட்டவர், பச்சிளம் குழந்தை, தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடப்பவர் ஆகியோருக்கு இது சிறிய விஷயமல்ல.

டிஸ்போசபிள் பட்டையை ஒருமுறை அளந்ததும் எறிய வேண்டும் என்பதில்லை. பொதுவாக அது ஒரே நோயாளிக்கு, அவர் மருத்துவமனையில் இருக்கும் நாள்கள் முழுவதும் பயன்படுவது. வார்டு மாறும்போது அவரோடு போக வேண்டியது. ஒவ்வொரு பிரிவிலும் புதிதாக ஒன்றைப் பிரித்தால் செலவும் பிளாஸ்டிக் குப்பையும்தான் கூடும். எல்லோருக்கும் இது தேவை என்றும் சொல்ல மாட்டேன். ஒழுங்காகத் துடைத்துப் பயன்படுத்தும் புறநோயாளிப் பிரிவுக்குத் துணிப் பட்டையே போதும். தொற்றுக்கு அஞ்ச வேண்டிய இடங்களில் மட்டும் தனிப் பட்டை கட்டாயம்.

நீங்கள் செய்யக்கூடியவை

அளக்கும் முன் 5 நிமிடம் அமைதியாக உட்காருங்கள். முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில் பதியட்டும், கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். கை 10 செ.மீ. தாழ்ந்தால் ஏறக்குறைய 7-8 புள்ளி கூடுதலாகக் காட்டும். டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய் இணைப்பு செய்த கையில் பி.பி. பார்க்கவே கூடாது, அதைச் செவிலியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். வீட்டுக்குக் கருவி வாங்கும் முன் உங்கள் மேற்கையின் சுற்றளவை டேப்பால் அளந்து, பெட்டியில் எழுதியிருக்கும் அளவோடு ஒப்பிடுங்கள்.

உறவினரை மருத்துவமனையில் சேர்க்கும்போது இரண்டே கேள்விகள் கேளுங்கள்: இந்தப் பட்டை இவர் கைக்குச் சரியான அளவா? இதற்குமுன் வேறொருவருக்குக் கட்டியிருந்தால் துடைத்தாயிற்றா? கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல செவிலியர் யாரும் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.