ஆனந்திலிருந்து வந்த பால்

மும்பையின் பாண்டுப் ரயில் நிலையத்தருகே, பொழுது புலருமுன் கூடை கூடையாய் வந்திறங்கும் பால் பாக்கெட்டுகளை நாம் நித்தம் காண்கிறோம். ஆயினும், அந்தப் பால் நம் அடுப்படிக்கு வந்து சேரும் மார்க்கத்தை வகுத்தவர், பால் தொழிலைப் பள்ளியிலே படித்தறியாத, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்ற ஒரு காந்தியவாதி என்பதை அறிந்தவர் நம்மில் சிலரே. அவர், 1903-இல் குஜராத்தின் ஆனந்தில் பிறந்த திரிபுவன்தாஸ் பட்டேல்.

1945-இல் பம்பாய் நகரத்துக்குப் பால் வழங்கும் திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்தபோது, கேடா ஜில்லாவின் பாலைக் கொள்முதல் செய்யும் ஏகபோகம் பால்சன் கம்பெனியின் வசமிருந்தது. நகரம் கொடுத்த விலையில் எருமையைப் பேணிய குடியானவனுக்கு எட்டியது அற்பமே. முறையிட வந்தவர்களிடம் சர்தார் வல்லபபாய் பட்டேல், பதப்படுத்துவதும் விற்பதும் உங்கள் கைக்கே வந்தாலன்றி விமோசனமில்லை என்றும், அதன் பொருட்டு நஷ்டத்தைத் தாங்கச் சித்தமா என்றும் கேட்டார். 1946 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் முன்னிலையில் சமர்க்காவில் கூடிய விவசாயிகள், பதினைந்து நாள் ஒரு சொட்டுப் பாலும் கம்பெனிக்கு ஊற்றவில்லை. பாலைத் தாமே விற்கும் அவர்கள் கோரிக்கைக்கு அரசாங்கம் இணங்கிற்று. அவ்வாண்டு டிசம்பர் 14-இல் கேடா ஜில்லா கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் சங்கம் பதிவாயிற்று, தலைவர் திரிபுவன்தாஸ்.

கிளர்ச்சி பதினைந்து நாளில் முடிந்தது. கிராமம் கிராமமாய் நடந்து, சங்கம் அமைத்து, நம்பிக்கையை வளர்க்கும் பணியோ அவருடைய ஆயுளின் பெரும்பகுதியைக் கொண்டது. அந்தச் சங்கங்களில், காலையும் மாலையும் பாத்திரம் ஏந்தி வருவோர் சாதி, செல்வ வித்தியாசமின்றி வந்த வரிசையிலேயே நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலிலும் சிறிதளவு எடுத்துக் கொழுப்பைச் சோதித்து, அதற்கேற்ற விலையைக் கொடுப்பார்கள். ஒரு மாடு வைத்திருப்பவருக்கும் பத்து மாடு வைத்திருப்பவருக்கும் வாக்கு ஒன்றுதான்.

தாம் அறியாததை அறிந்தவரிடம் ஒப்படைக்கும் விவேகமும் திரிபுவன்தாஸிடம் இருந்தது. சென்னை லயோலாவிலும் கிண்டிப் பொறியியற் கல்லூரியிலும் பயின்று, அரசாங்க உத்தியோகமாக 1949-இல் ஆனந்துக்கு வந்து, எப்போது ஊரைவிட்டுப் புறப்படலாமென்று காத்திருந்த வர்கீஸ் குரியனை, இங்கேயே இருந்துவிடும்படி வேண்டித் தடுத்தவர் அவரே. இயந்திரமும் வியாபாரமும் குரியனுடைய பொறுப்பு. அவற்றில் தலையிடாமலும், பிறரைத் தலையிடவிடாமலும் காப்பது தலைவருடைய பொறுப்பு. அச்சங்கத்துப் பொருள்களின் அமுல் என்னும் பெயர் நாடெங்கும் பரவியதற்கு இந்தப் பிரிவினையே அஸ்திவாரம் எனலாம். 1963-இல் மகசேசே விருது இவர்களுக்கும், பம்பாய்ப் பால் திட்டத்தின் தாரா குரோடிக்கும் சேர்த்தே வழங்கப்பட்டது.

1970-களின் தொடக்கத்தில் அவர் தாமாகவே பதவியிலிருந்து விலகியபோது, உறுப்பினர்கள் ஆளுக்கொரு ரூபாயாகத் திரட்டி ஆறு லட்சம் அளவிலான பணமுடிப்பை அளித்தார்கள். அதில் தமக்கென ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், கிராமத்துத் தாய்மார்களின், குழந்தைகளின் ஆரோக்கியத்துக்காக ஒரு தர்ம ஸ்தாபனத்தை நிறுவினார். சொட்டுச் சொட்டாய்ச் சேர்ந்த பாலைப் போலவே, ரூபாய் ரூபாயாய்ச் சேர்ந்த பணமும் கறந்தவர் வீட்டுக்கே திரும்பிற்று.