விழுந்தெழும்பும் உடம்பு: ரோலர் டெர்பி குறித்துச் சில குறிப்புகள்

1

உடல், அதிகாரம், கண்காணிப்பு என்றெல்லாம் எழுதுகிற நாம் எழுதும்போது நாற்காலியில்தான் இருக்கிறோம். விளையாட்டு நம் விமர்சனத்துக்குள் வருவதில்லை; வந்தாலும் கிரிக்கெட்டும் தேசியமும் என்கிற அளவில் நின்றுவிடுகிறது. நானும் நாற்காலியில்தான் இருந்தேன். 2014இல், முப்பத்தெட்டு வயதில், ரொறொன்ரோவில் நாலு சில்லுச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு ஒரு சீமெந்துத் தரையில் முதல் தடவை விழுந்தேன். நான் பல கட்டுரைகளில் எழுதியிருந்த ‘ஒழுங்குபடுத்தப்பட்ட உடல்’ என்ற சொற்றொடருக்குள் எலும்பு இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “உனக்கேன் பிள்ளை இந்த வேலை? கை கால் முறிஞ்சா ஆர் பாக்கிறது?” என்றா. இந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

2

முதலில் ஆட்டம். நீள்வட்டத் தடம் ஒன்று. ஒரு நேரத்தில் அணிக்கு ஐந்து பேர். நால்வர் தடுப்பவர்கள், ஐந்தாமவர் தலைக்கவசத்தில் நட்சத்திரம் அணிந்த ஜாமர். 30 நிமிடமாக இரண்டு பாதி. அதற்குள் அதிகபட்சம் 2 நிமிடம் நீளும் சிறு ஆட்டங்கள்; அவற்றுக்கு ‘ஜாம்’ என்று பெயர். பந்து கிடையாது. ஜாமரின் உடம்புதான் பந்து. அவள் தடுப்பவர்களை ஒரு தடவை ஊடறுத்துக் கடந்து, சுற்றி வந்து மறுபடி நுழைய வேண்டும். அதன்பின் எதிரணித் தடுப்பவரில் கடக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு புள்ளி. விதி மீறாமல் முதலில் கடந்து வெளியே வரும் ஜாமருக்கு ஓர் உரிமை உண்டு: தன் இடுப்பில் இரு கைகளாலும் தட்டினால் அந்த ஜாம் அத்தோடு முடியும்.

இடிக்கலாம். ஆனால் கையால், முழங்கையால், தலையால் இடிக்கக் கூடாது. எதிராளியின் தலையில், முதுகில், தொடையின் நடுவுக்குக் கீழே இடிக்கக் கூடாது. மீறினால் 30 விநாடி வெளியே உட்கார வேண்டும். ஏழு தடவை மீறினால் அன்றைய ஆட்டம் சரி.

எங்களூர்க் கிளித்தட்டு ஆடினவர்களுக்கு இதில் பாதி விளங்கிவிடும். கோடு காக்கிறவர்களுக்குப் பிடிபடாமல் தாண்ட வேண்டும். ஒரு வித்தியாசம்: அங்கே காக்கிறவரின் கை பட்டால் தாண்டுகிறவர் அவுட். இங்கே கையால் மறித்தால் மறித்தவளுக்குத்தான் தண்டனை. முழு உடம்பையும் கொண்டுபோய் வழியில் வைக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய இன்னொன்று ‘பேக்’ எனப்படும் கூட்டம் பற்றிய வரையறை. இரண்டு அணித் தடுப்பவர்களும் கலந்து, 10 அடிக்குள் அடுத்தடுத்து நிற்கிற மிகப் பெரிய கூட்டமே பேக். ஓர் அணி மட்டும் சேர்ந்து நின்றால் அது பேக் ஆகாது. பேக் கலைந்திருக்கும்போது யாரையும் தடுக்கும் உரிமை இல்லை. எதிரணியை விட்டு வேண்டுமென்றே விலகி ஓடிக் கூட்டத்தைக் கலைத்தால் குற்றம். மற்றமையை அழித்துத்தான் தன்னிலை உருவாகிறது என்று வாசித்துப் பழகிய எனக்கு, மற்றமை பக்கத்தில் நின்றால்தான் களமே உண்டு என்கிற இந்த விதி புதிதாக இருந்தது.

3

பன்னிரண்டு வயதுவரை நான் ஒழுங்கையில் கிளித்தட்டு ஆடினேன். பெரியபிள்ளையான பிறகு ஆடவில்லை. யாரும் தடுக்கவில்லை. “இனியென்ன விளையாட்டு” என்று ஒரு வசனம். சொன்னது அம்மாவா, மாமியா என்பதுகூட நினைவில்லை. நடை மாறியது, தோள் உள்ளே வளைந்தது, இருக்கும்போது முழங்கால்கள் ஒட்டிக்கொண்டன. அடக்கம் என்பது குணம் அல்ல, தசைப் பயிற்சி.

டெர்பிப் பயிற்சியில் முதல் மாதம் எனக்குச் சொல்லித் தந்தது ஓடுவதற்கல்ல, விழுவதற்கு. சின்னதாக விழு. கையை விரிக்காதே. விரல்களைப் பொத்திக்கொள், பின்னால் வருகிறவளின் சில்லு ஏறும். மூன்று விநாடிக்குள் எழும்பு. பிறகு முழங்காலை மடக்கி, இடுப்பைத் தாழ்த்தி, கால்களை அகட்டி நிற்கப் பழக்கினார்கள். இருபத்தாறு வருஷமாக ஒட்டியிருந்த முழங்கால்கள் அகல எனக்கு நாலு மாதம் பிடித்தது. யாரையாவது இடித்தவுடன் வாய் தானாக “சொறி” என்கும். “சொறி சொன்னால் பத்துத் தண்டால்” என்றா பயிற்றுநர். அந்தக் கோடையில் நான் எடுத்த தண்டால்களுக்குக் கணக்கில்லை. அப்போதைய பரீட்சை 5 நிமிடத்தில் 27 சுற்று. எனக்கு முதல் தடவை 19, பிறகு 23. அடுத்த வருஷம்தான் 27.

இதை விடுதலை என்று எழுதிவிட அவசரப்படக் கூடாது. 1975இல் வெளிவந்த தன் நூலில் மிஷேல் பூக்கோ பட்டியலிடுகிற கருவிகள் அத்தனையும் இங்கே இருக்கின்றன: நேரக் கணக்கு, பரீட்சை, மீறலுக்குச் சிறு தண்டனை, ஓயாத கண்கள். சில்லில் சுற்றுகிற நடுவர்களே ஏழு பேர் வரை. ஓர் ஒழுங்கிலிருந்து இன்னோர் ஒழுங்குக்கு மாறினேன், அவ்வளவுதானா?

4

இதற்குப் பதில் தேட வரலாற்றுக்குப் போக வேண்டும். 1935இல் சிக்காகோவில் லியோ செல்ட்சர் என்ற வணிகர் தொடங்கியது இது. அப்போது அது அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் தூரத்தை ஒரே தடத்தில் சுற்றிச் சுற்றித் தீர்க்கிற ஓட்டம். மோதல் பிறகு வந்தது. தொலைக்காட்சி அதைப் பெருக்கியது. பெண்களும் ஆண்களும் ஒரே விதியில் ஆடினார்கள் என்பது உண்மை. ஆனால் தடம் முதலாளியுடையது. 1973இல் அவருடைய மகன் நிறுவனத்தை மூடினார். ஆடினவர்களுக்கு அதில் சொல்வதற்கு ஒன்றும் இருக்கவில்லை.

2001இல் டெக்சாஸ் மாநிலத்து ஓஸ்டின் நகரில் இது மறுபடி முளைத்தது. யோசனையைக் கொண்டுவந்த ஆண் இடையில் விலக, பெண்களே நடத்தினார்கள். 2003இல் அவர்களுக்குள்ளும் உடைவு. உரிமை ஆருக்கு என்பதுதான் கேள்வி. வெளியேறியவர்கள் சரிவான தடத்தைக் கைவிட்டுத் தட்டையான தரையில் ஆடினார்கள். சரிவுத் தடத்தைக் கட்டக் காசு வேண்டும், வைக்க இடம் வேண்டும். தட்டைத் தடத்துக்கு ஒரு கயிறும் ஒட்டுநாடாவும் போதும். உற்பத்திச் சாதனம் கயிறாகச் சுருங்கியதால்தான் ஆட்டம் ஊரூராகப் பரவியது எனலாம். 2004இல் இந்தச் சங்கங்கள் கூட்டமைப்பாயின. 2011இல் ரொறொன்ரோவில் நடந்த முதல் உலகக் கிண்ணத்துக்கு 13 நாடுகள் வந்தன. ஆடுகிறவர்களே சங்கத்தின் உரிமையாளர்கள், விதிக்கு வாக்களிப்பவர்கள் என்பது அடிப்படை.

ஆக, வித்தியாசம் ஒழுங்கு இருக்கிறதா இல்லையா என்பதில் இல்லை. “இனியென்ன விளையாட்டு” என்ற விதியை எழுதியவர் இல்லை. கேள்வி கேட்க ஆளில்லை. டெர்பி விதிக்கு இலக்கம் உண்டு, மாற்றக் கேட்கலாம்.

இங்கே ஒவ்வொருத்தியும் தனக்கொரு ஆட்டப் பெயர் வைத்துக்கொள்வாள். நான் கிளித்தட்டை நினைத்துக் ‘கிளி’ என்று வைத்தேன். அறிவிப்பாளருக்கு ளகரம் வரவில்லை, ‘கிலி’ என்றே கூப்பிட்டார். திருத்தவில்லை. என்னைக் கண்டு ஆராவது பயப்படட்டும் என்று விட்டுவிட்டேன்.

5

2016இல், யாரும் இடிக்காமலே, பயிற்சியில் விழுந்து கணுக்கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் ஆறு கிழமை முறைவைத்துச் சாப்பாடு கொண்டுவந்ததும் என்னை வாரத்தில் மூன்று நாள் இடித்து விழுத்திய அதே பெண்கள்தான். அம்மாவின் கேள்விக்குப் பாதிப் பதில் இது. மீதிப் பாதி: அந்த ஆறு கிழமைச் சம்பளம் இல்லை, வாடகையை ஒருத்தரும் கட்டவில்லை. ஆடுகிறவர்களே உரிமையாளர்கள் என்றால் நட்டத்துக்கும் அவர்களே உரிமையாளர்கள்.

அதைத் தாங்க முடியாதவர்கள் வருவதில்லை. எங்கள் சங்கத்தில் வெள்ளையரல்லாதவர்கள் மூன்று பேர். ஸ்காபரோவிலிருந்து ஒரு தமிழ்ப் பிள்ளை வந்தாள். தொழிற்சாலையில் பின்னேர வேலை. சப்பாத்து, தலைக்கவசம், காப்புகள், மாதச் சந்தா எல்லாம் கூட்டிப் பார்த்தாள். மூன்றாம் கிழமை வரவில்லை. பயிற்சி நேரத்தை மாற்றவும், சங்கமே சாமான் வாங்கி இரவல் கொடுக்கவும் வேண்டும் என்று உறுப்பினர் கூட்டத்தில் கேட்டேன். இரண்டும் தோற்றன. எந்தெந்தக் கை உயரவில்லை என்று நேரே பார்த்தேன். அடுத்த நாள் அந்தக் கைக்காரிகளோடு 10 அடிக்குள் நின்று பயிற்சியும் எடுத்தேன்.

மறு வருஷம் இரவல் சாமான் தீர்மானம் நிறைவேறியது. நேரம் மாறவில்லை. திரும்பவும் கேட்பேன். அந்தப் பிள்ளையின் தொலைபேசி இலக்கம் என்னிடம் இருக்கிறது.